பழைய வீட்டை விற்குமுன்: அப்படியே விடுவதா, செப்பனிடுவதா, புதுப்பிப்பதா, இடிப்பதா?

குரோம்பேட்டையில் எங்கள் தந்தையார் 1984 ஆம் ஆண்டு கட்டிய வீட்டை விற்பது என்று முடிவெடுக்க எங்களுக்கு ஒரு மாலைப் பொழுது போதுமானதாக இருந்தது. எந்தக் கோலத்தில் விற்பது என்று முடிவெடுக்க ஏழு மாதங்கள் பிடித்தன. மனை ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி. தரைத்தளம் 1,100 சதுர அடி. 1994 இல் மாடியில் எழுப்பிய ஓர் அறை தனி. அக்கா திருச்சியில், தங்கை கனடாவில், நான் மட்டும் சென்னையில். அம்மாவும் காலமான பிறகு அந்த வீட்டில் விளக்கேற்ற ஆளில்லை.

ஆளுக்கொரு யோசனை இருந்தது. வெள்ளையடித்தாலே ஐந்து லட்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்றார் தரகர். இடித்துத் தரைமட்டமாக்கி மனையாக விற்பதே சுருக்கமான வழி என்றார் அக்காவின் கணவர். சமையலறையையும் குளியலறைகளையும் புதிதாக்கிவிட்டுத்தான் விற்க வேண்டும் என்றாள் தங்கை. அவள் வாழும் ஊரில் அதுதான் வழக்கமாம். எதையும் தொட வேண்டாம், இருக்கிறபடியே விற்போம் என்றேன் நான். என் யோசனைக்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் இருந்ததாக இப்போது நினைவில்லை. நான்கையும் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, நால்வரும் விடையைத் தேடியதே தவறான இடத்தில் என்று தெரிந்தது. வீட்டுக்கு என்ன செய்யலாம் என்று யோசித்தோமே ஒழிய, அதை யார் வாங்கப் போகிறார் என்று யாரும் கேட்கவில்லை.

வாங்குபவர் குடியிருப்பவரா, இடிப்பவரா?

சென்னையின் புறநகர்களில் நாற்பது ஆண்டுப் பழமையுள்ள தனி வீட்டைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு வகையினர். முதல் வகையினர் அதில் குடியிருக்க எண்ணுபவர்கள். அடுக்குமாடி வீட்டின் விலைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தேனும் சொந்த மண்ணும் வாசலும் வேண்டும் என்பவர்கள். இரண்டாம் வகையினர் கட்டுமானக்காரர்களும், பழையதை இடித்துத் தமக்கென்று புதிதாகக் கட்டிக்கொள்பவர்களும். இவர்களுக்கு உங்கள் வீட்டுச் சுவரில் என்ன வண்ணம் இருக்கிறது என்பது ஒரு பொருட்டே அல்ல. மனையின் அளவு, முன்பக்க அகலம், சாலையின் அகலம், திசை, பத்திரம் ஆகியவற்றை மட்டுமே பார்ப்பார்கள்.

நம் வீட்டுக்கு எந்த வகையினர் வருவார்கள் என்பதை அறியத் தரகரிடம் கேட்பதைவிடத் தெருவில் ஒருமுறை நடந்து பார்ப்பது மேல். தனி வீடுகளில் எத்தனை ஏற்கெனவே கீழே வண்டி நிறுத்துமிடமும் மேலே மூன்று தளங்களுமாக மாறியிருக்கின்றன என்று எண்ண வேண்டும். பாதிக்கு மேல் மாறியிருந்தால், நம் வீட்டின் விலை ஏறக்குறைய மனையின் விலைதான். தமிழ்நாட்டின் 2019 ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி சாதாரணக் கட்டடங்களுக்கு அடிப்படைத் தளப்பரப்புக் குறியீடு (மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2 என்பதால், ஒரு கிரவுண்டு மனையில் 4,800 சதுர அடி வரை கணக்கில் வரும். கட்டுமானக்காரர் அந்த 4,800 ஐ மனத்தில் வைத்தே விலை பேசுகிறார். எங்கள் பகுதியில் இதற்கு ஒரு கடிவாளமும் உண்டு: விமான நிலையம் அருகிலிருப்பதால் உயரத்துக்குக் கட்டுப்பாடு வரும். குறுகலான தெருவாக இருந்தால் கட்டக்கூடிய குடியிருப்புகளின் எண்ணிக்கையும் குறையும்.

இன்னொரு அடையாளம் வாசற்படியில் இருக்கிறது. பல தெருக்களில் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே மறுபடி மறுபடி சாலை போட்டதில், ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீடுகள் இன்று ஒரு படி இறங்கிப் போகும் வீடுகளாகிவிட்டன. தரை சாலைக்குக் கீழே போய்விட்ட வீட்டை, உள்ளே எவ்வளவு அலங்கரித்தாலும், குடியிருப்பதற்காக வாங்குபவர் தேட மாட்டார். ஜாக்கிகளைக் கொடுத்து வீட்டையே மூன்று நான்கு அடி உயர்த்தும் வேலை சென்னையில் சாதாரணமாக நடக்கிறது என்றாலும், அது அந்த வீட்டிலேயே வாழப் போகிறவர் செய்ய வேண்டிய செலவு. விற்கப் போகிறவருக்கு உரியதன்று. எங்கள் வீட்டின் தரை நல்லவேளையாகச் சாலையைவிட அரை அடி உயரத்தில் தப்பியிருந்தது. தெருவில் பாதி வீடுகள் மாறியிருந்தன, பாதி மாறவில்லை. ஆகவே இரண்டு வகையினரும் வரக்கூடிய இடம் எங்களுடையது. முடிவெடுக்க நேரமானதற்கு அதுவும் ஒரு காரணம்.

கட்டடத்தின் உண்மையான மதிப்பு

எந்தச் செலவையும் தொடங்குமுன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. கான்கிரீட் கூரை வீட்டின் ஆயுளை மதிப்பீட்டாளர்கள் பொதுவாக 60 ஆண்டுகள் என்று எடுத்துக்கொண்டு, இறுதியில் மிஞ்சும் இடிபாட்டு மதிப்பாகப் பத்து விழுக்காட்டை ஒதுக்குவார்கள். அதன்படி 40 ஆண்டு முடிந்த வீடு தன் மதிப்பில் 60 விழுக்காட்டை இழந்திருக்கும். அதே வீட்டை இன்று கட்டச் சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று ஓர் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொண்டால், 1,100 சதுர அடிக்கு 22 லட்சம். அதில் எஞ்சுவது 8 லட்சத்து 80 ஆயிரம். மனையைச் சதுர அடிக்கு 7,000 ரூபாய் என்று வைத்தால் 1 கோடியே 68 லட்சம். இரண்டையும் கூட்டினால் கட்டடத்தின் பங்கு ஏறக்குறைய ஐந்து விழுக்காடு. ஊருக்கு ஊர் இந்தத் தொகைகள் மாறும்; ஆனால் மனை விலை ஏறிய எந்த நகரத்திலும் விகிதம் இதையொட்டியே இருக்கும். மொத்த விலையில் ஐந்து விழுக்காடாக இருக்கும் ஒன்றுக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்பதே இனி வரும் ஒப்பீட்டின் அடிப்படை.

முழுப் புதுப்பிப்பு

முதலில் தங்கையின் யோசனையை எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதை விரைவாகவே தள்ளிவிட முடிந்தது. மொசைக் தரையைப் பெயர்த்து வழுவழுப்பான ஓடுகள் பதிப்பது, சமையலறைக்கு மாடுலர் அலமாரிகள், குளியலறைகளில் சுவர் முழுக்க டைல்ஸ், புதிய மின்கம்பிகள் எல்லாம் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு லட்சத்துக்குக் குறையாது என்று எங்கள் கொத்தனாரே சொன்னார். வாங்குபவர் வங்கிக் கடனுக்குப் போகும்போது வங்கியின் மதிப்பீட்டாளர் மனை விலையோடு தேய்மானம் போன கட்டட மதிப்பைத்தான் சேர்ப்பாரே தவிர, அலமாரிகளுக்கென்று பெரிதாக எதையும் கூட்டமாட்டார். 75 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக் கடனில் மதிப்பீட்டின் 75 விழுக்காடு வரைதான் வங்கிகள் கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆகவே புதுப்பிப்புக்காக நாம் ஏற்றும் விலையின் பெரும்பகுதியை வாங்குபவர் தன் கைப்பணத்திலிருந்தே தர வேண்டியிருக்கும். அதற்கு அவர் இசைவது அரிது.

ரசனையின் சிக்கல் வேறு. நாம் தேர்ந்தெடுத்த டைல்ஸ் அவருக்குப் பிடிக்க வேண்டும். சமையல் மேடை அவர் நம்பும் வாஸ்துவின்படி தென்கிழக்கில் இருக்க வேண்டும். இல்லையென்றால் புதிதாகப் போட்டதையே உடைப்பார். அடுக்குமாடிக் குடியிருப்பில் இந்தக் கணக்கு மாறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே வாங்குபவர் இடிக்க முடியாது, பிரிக்கப்படாத மனைப் பங்கு சிறியது, அதே கட்டடத்தில் மற்றொரு வீடும் விற்பனைக்கு இருக்கும். ஆகவே பதினைந்து இருபது ஆண்டுப் பழமையுள்ள அடுக்குமாடி வீட்டில் குளியலறையைப் புதுப்பித்து விற்பதில் பொருள் உண்டு. தங்கை சொன்ன கனடா வழக்கத்திலும் தவறில்லை. அவள் சொன்னது வேறு வகை வீட்டுக்குப் பொருந்தும்.

இடித்து மனையாக விற்பது

இந்த யோசனையில் கவர்ச்சி அதிகம். வீடு போய்விட்டால் ஒழுகல், ஓதம், விரிசல் என்று எவரும் குறை சொல்ல முடியாது. நான்கு எல்லைகளும் கண்ணுக்குத் தெரியும். வீட்டைப் பூட்டிவைத்துவிட்டு யாரேனும் உள்ளே புகுந்துவிடுவார்களோ என்று அஞ்ச வேண்டியதில்லை. பழைய தேக்கு நிலைகளையும் கதவுகளையும் சன்னல் கம்பிகளையும் எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தக்காரர்கள், இடிப்புக் கூலியை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்வார்கள். வாங்குபவருக்கும் ஒரு சிறு ஆதாயம் உண்டு. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடுமாக 9 விழுக்காடு ஆகிறது. கட்டடம் இல்லையென்றால் அதன் மதிப்புக்கு இந்தத் தொகை மிச்சம். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் அது 79,200 ரூபாய்.

ஆனால் விற்பவருக்கு இதில் ஒளிந்திருக்கும் நட்டத்தை எங்கள் ஆடிட்டர்தான் எடுத்துக் காட்டினார். 1961 ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 54 ஆம் பிரிவு என்று அறியப்பட்ட சலுகை, குடியிருப்பு வீட்டை விற்பவருக்கு உரியது. நீண்டகால மூலதன ஆதாயத்தை, அதாவது விற்றதில் கிடைத்த லாபத்தை, மட்டும் வேறொரு வீட்டில் முதலீடு செய்தால் போதும், முழு விலக்கும் கிடைக்கும். வீட்டை இடித்துவிட்டு விற்றால், விற்கப்படுவது வீடு அன்று, மனை. அப்போது பொருந்துவது 54எஃப் என்ற வேறு சலுகை. அதில் முழு விலக்குப் பெற ஆதாயத்தை மட்டுமல்லாமல் விற்பனைத் தொகை முழுவதையும் புதிய வீட்டில் போட வேண்டும். விற்கும் நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட வேறு வீடுகள் இருந்தால் அதுவும் கிடையாது. ஒருவருடைய பங்கு 50 லட்சம், அதில் ஆதாயம் 40 லட்சம், அவர் 40 லட்சத்துக்கு ஒரு வீடு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிற்கும் வீட்டை விற்றிருந்தால் வரி இல்லை. இடித்து விற்றிருந்தால் 32 லட்சத்துக்கே விலக்கு. எஞ்சிய 8 லட்சத்துக்கு 12.5 விழுக்காடு, அதாவது ஒரு லட்சம் ரூபாயும் அதன் மேல் செஸ் வரியும். மூன்று பேருடைய பங்குகளில் இதைப் பெருக்கிப் பார்த்தபோது அக்காவின் கணவர் தம் யோசனையைத் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டார்.

இடிப்பதில் வேறு சில சங்கடங்களும் உண்டு. வாங்குபவர் வீட்டுக் கடனுக்குப் பதில் மனைக் கடனுக்குப் போக வேண்டிவரும். அதைப் பெறுவது இன்னும் கடினம். குடியிருக்கவே வருபவரை நாமே வாசலில் திருப்பி அனுப்பிவிடுகிறோம். உள்ளாட்சியில் இடிப்பு அனுமதி, மின் இணைப்பைத் துண்டித்தல், சொத்து வரியைக் காலிமனை வரியாக மாற்றுதல் என்று அலைச்சலும் கூடும். கூரை விழும் நிலையில் இருக்கும் வீட்டைத் தவிர வேறு எதையும் விற்பவர் இடிக்கக் கூடாது என்பதே என் முடிவு. இடிக்க விரும்பும் கட்டுமானக்காரர், பத்திரம் பதிவான மறுநாள் தம் செலவில் இடித்துக்கொள்வார்.

அப்படியே விற்பதும், அளவோடு செப்பனிடுவதும்

எஞ்சியவை இரண்டு. இவற்றுக்கிடையே தேர்ந்தெடுப்பதுதான் உண்மையில் கடினம், ஏனெனில் வேறுபாடு பணத்தில் சிறியது, விளைவில் பெரியது.

அப்படியே விற்பதன் பெரிய நன்மை நேரம். செலவு இல்லை, வேலையாட்களின் பின்னால் அலைவதில்லை, பழுதை மறைத்தோம் என்ற பழியும் இல்லை. தெரு முழுவதும் அடுக்குமாடிகளாகிவிட்ட இடத்தில் இதுவே சரி. ஆனால் குடியிருப்பவரும் வரக்கூடிய தெருவில், அவர் பார்க்கும் முறையை மனத்தில் கொள்ள வேண்டும். முதல் முறை மனைவி மக்களோடு வருவார். இரண்டாம் முறை ஒரு கொத்தனாரையோ தெரிந்த பொறியாளரையோ அழைத்து வருவார். மூன்றாம் முறை வாஸ்து பார்க்கும் பெரியவரோடு வருவார். இரண்டாம் வருகைதான் விலையைத் தீர்மானிக்கிறது. கொத்தனார் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்து, காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிவதைக் கண்டால், அதைச் சரிசெய்ய ஆகும் செலவைப்போல் நாலைந்து மடங்கை விலையில் குறைக்கச் சொல்வார். அவர் தம் பாதுகாப்புக்காகக் கூட்டிச் சொல்கிறார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். கூடத்துக் கூரையில் இரண்டு இடங்களில் காரை பெயர்ந்திருந்தது. எண்பதுகளில் கட்டிய வீடுகளில், மொட்டை மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளத்தின் மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். காலப்போக்கில் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் வெடிப்பு விழுந்து, அதன் வழியே நீர் இறங்கிக் கம்பியை அடைகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பது. அது உப்பும்போது கீழிருக்கும் கான்கிரீட்டைத் தள்ளிவிடுகிறது. இதை அறியாமல் உட்புறத்தில் மட்டும் சிமென்ட் பூசிப் பட்டி பார்த்து வண்ணமடித்தால், அடுத்த ஐப்பசி மழைக்கு மறுபடியும் விழும். ஆகவே செப்பனிடுவது என்றால் மேலிருந்து தொடங்க வேண்டும்: மாடியில் வெடித்த ஓடுகளை எடுத்து, மூலைகளை வளைவாகப் பூசி, நீர் வழிந்தோடும் சரிவைச் சரிசெய்து, குழாய் வாய்களைத் துப்புரவாக்கிய பிறகே உள்ளே வர வேண்டும். உள்ளே, தளர்ந்த காரையைத் தட்டி எடுத்து, கம்பியின் துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சடித்து, பிறகு பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். மாடியில் வெறும் வெள்ளைப் பூச்சை மட்டும் அடித்துக் கொடுக்கும் மலிவு வேலை, விற்கும் வரை தாங்கினால் போதும் என்று எண்ணுபவர்களுக்கானது. வாங்கியவர் முதல் மழையிலேயே தொலைபேசியில் அழைப்பார் என்பதையும் அவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

வண்ணமடிப்பதில் ஓர் எச்சரிக்கை. வீடு முழுவதும் பழைய சுண்ணாம்பாக இருக்க, ஒரு சுவர் மட்டும் பளபளப்பாக இருந்தால், பழகிய கண்ணுக்கு அங்கே ஓதம் இருக்கிறது என்று அறிவித்ததாகிவிடும். அடித்தால் முழுவதும் அடிக்க வேண்டும். இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். மழைக்காலத்தில் அடிக்கக் கூடாது. அதற்கு மாறாக, ஒழுகலைக் கண்டறிய மழைக்காலமே உகந்தது. ஐப்பசி, கார்த்திகையில் எங்கெங்கே ஈரம் தெரிகிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் குறித்துவைத்து, மார்கழியில் மாடியைச் சரிசெய்து, தை பிறக்கும்போது வண்ணமடித்தோம். மார்கழியிலும் ஆடியிலும் எவரும் பத்திரம் பதிய விரும்ப மாட்டார்கள் என்பதால் அந்த மாதங்கள் வேலைக்கே உரியவை.

மற்றவை சிறு செலவுகள். மொசைக் தரையை மாற்றாமல் இயந்திரம் வைத்துப் பாலிஷ் போட்டோம். நாற்பது ஆண்டு அழுக்குக்குக் கீழே அம்மா பெருமையோடு தேர்ந்தெடுத்த பச்சை நிறச் சில்லுகள் மறுபடி தெரிந்தபோது, விற்கத்தான் வேண்டுமா என்று அக்கா ஒருமுறை கேட்டாள். தேக்குக் கதவுகளுக்கு வண்ணம் பூசாமல் வார்னிஷ் மட்டும் அடித்தோம். பீங்கான் ஃபியூஸ்களை எடுத்துவிட்டு மின்கசிவு காக்கும் சுவிட்ச் வைத்தோம். கிணற்றில் விழுந்திருந்த குப்பையை எடுத்து மோட்டாரைச் சரிசெய்தோம். சென்னையில் வீடு பார்க்க வருபவர் தவறாமல் கேட்கும் கேள்விகள் இரண்டு: 2015 டிசம்பரில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா, 2019 கோடையில் கிணற்றில் தண்ணீர் இருந்ததா? இரண்டுக்கும் உண்மையான பதிலை ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டாரிடமும் அவர் கேட்கத்தான் போகிறார்.

ஒரு வரிச் செய்தி: வண்ணமடித்ததையும் பழுது பார்த்ததையும் மூலதன ஆதாயக் கணக்கில் பொதுவாகக் கழிக்க முடியாது. புதிதாக ஓர் அறை கட்டியது போன்ற மேம்பாட்டுச் செலவையே கழிக்கலாம், அதுவும் 2001 ஏப்ரலுக்குப் பிறகு செய்தது, பில்கள் இருந்தால்.

எந்த வழியானாலும் தவிர்க்க முடியாத ஆயத்தம்

நான்கு வழிகளில் எதை எடுத்தாலும் வீட்டின் காகிதங்கள் ஆயத்தமாக இல்லையென்றால் எல்லாம் வீண். வீட்டை அலங்கரிக்கும் ஆர்வத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குக் காட்டாமல், முன்பணம் வாங்கிய பிறகு ஓடத் தொடங்குபவர்களே அதிகம். நாங்களும் ஏறக்குறைய அப்படித்தான்.

முதலாவது வாரிசு. தந்தையார் உயில் எழுதாமல் 2009 இல் காலமானார். அவருடைய சுயசம்பாத்தியச் சொத்தில் அம்மாவுக்கும் எங்கள் மூவருக்கும் சம பங்கு என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஆனால் 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. தந்தையார் இறந்தபோது எங்கள் பாட்டி உயிரோடு இருந்தார். 2012 இல்தான் காலமானார். ஆகவே பாட்டிக்கு ஐந்தில் ஒரு பங்கு போய், அவருக்குப் பின் அந்தப் பங்கு அவருடைய பிள்ளைகளின் கிளைகளுக்குப் பிரிந்தது. சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் தலா பதினைந்தில் ஒரு பங்கு இருந்தது. வீட்டை வாங்க வந்த முதல் ஆளின் வழக்கறிஞர்தான் இதைக் கண்டுபிடித்தார்; அந்தப் பேச்சு அதோடு முறிந்தது. சித்தப்பா பெருந்தன்மையாளர், கேட்டவுடன் சிரித்துவிட்டு, விற்பவர்களில் ஒருவராகத் தாமும் கையெழுத்திடுவதாகச் சொன்னார். அத்தையிடம் பேச இரண்டு முறை கும்பகோணம் போக வேண்டியிருந்தது. அவர் பங்கை அவருக்குக் கொடுத்தோம், அதுதான் முறையும்கூட.

இரண்டாவது பட்டா. அது இன்னும் தந்தையார் பெயரில் இருந்தது. பழைய பத்திரத்தில் செங்கல்பட்டு மாவட்டம் என்றும், 1997 க்குப் பிந்தைய ஆவணங்களில் காஞ்சிபுரம் மாவட்டம் என்றும், 2019 க்குப் பிறகு மீண்டும் செங்கல்பட்டு மாவட்டம் என்றும் இருக்கும். சொத்து வரி ரசீதுகளில் 2021 வரை பல்லாவரம் நகராட்சி, பிறகு தாம்பரம் மாநகராட்சி. இவை ஒரே மனையைத்தான் குறிக்கின்றன என்பதற்குப் பழைய புல எண்ணும் புதிய எண்ணும் ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும், வாரங்கள் என்று நம்ப வேண்டாம்.

மூன்றாவது வில்லங்கச் சான்று. தந்தையார் வீடு கட்ட வாங்கிய கடனை எப்போதோ அடைத்துவிட்டார். ஆனால் அடமானம் நீங்கியதற்கான ரசீது பதிவாகவில்லை. ஆகவே இல்லாத கடன் நாற்பது ஆண்டுகளாகச் சான்றில் நின்றுகொண்டிருந்தது. கடன் கொடுத்த நிறுவனத்தில் பழைய கோப்பைத் தேடி எடுக்கவே மூன்று மாதங்கள் ஆயின. விற்கும் எண்ணம் தோன்றிய அன்றே இந்தச் சான்றை எடுத்துப் பார்த்துவிட வேண்டும். செலவு மிகச் சொற்பம்.

நான்காவது கட்டட அனுமதி வரைபடம். தரைத்தளத்துக்கு இருந்தது, 1994 இன் மாடி அறைக்கு இல்லை. வங்கிக் கடனில் வாங்குபவருக்கு இது தடையாகலாம். மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டோம்; அந்த அறையைக் கணக்கில் சேர்க்காமல் விலை பேசினோம்.

வெளிநாட்டில் இருக்கும் பங்குதாரர் இருந்தால் இன்னும் இரண்டு வேலைகள். தங்கை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றுபெற்று அனுப்பிய, தன் சார்பில் இங்கே கையெழுத்திட உரிமை தரும் அதிகாரப் பத்திரம் இங்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ ஆனால் உள்நாட்டில் வசிப்பவரின் பங்கில் வாங்குபவர் 1 விழுக்காடு வரி பிடிப்பார். வெளிநாட்டில் வசிப்பவரின் பங்கில் பிடித்தம் பல மடங்கு அதிகம். குறைந்த பிடித்தத்துக்கான சான்றை வருமான வரித்துறையில் முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்கினால், திரும்பப் பெறக் காத்திருக்கும் தொல்லை இல்லை. முன்பணத்தை எவ்வளவு சிறியதானாலும் வங்கி வழியே வாங்குவது நல்லது. 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால் அதே அளவு அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

எங்கள் முடிவு

இறுதியில் செப்பனிட ஆன மொத்தச் செலவு இரண்டு லட்சத்து முப்பதாயிரம். அதில் பாதிக்கு மேல் மொட்டை மாடிக்கே போனது. கட்டுமானக்காரர்கள் இருவர் வந்து, செப்பனிட்டதையெல்லாம் திரும்பியும் பாராமல் மனைக்கு ஒரு விலை சொன்னார்கள். அந்த விலை எங்களுக்கு அடித்தளமாக அமைந்தது. அதற்குக் கீழே இறங்கத் தேவையில்லை என்று தெரிந்தது. வாங்கியவர் அதே தெருவில் நான்கு வீடு தள்ளி வாடகைக்குக் குடியிருந்த பள்ளி ஆசிரியர் தம்பதியர். அவர்கள் தந்தது கட்டுமானக்காரர் சொன்னதைவிட ஆறு லட்சம் கூடுதல். இரண்டாம் வருகையில் அவர்களோடு வந்த கொத்தனார் மாடிக்கு ஏறிப் போய், மூலைகளில் பூசியிருந்த வளைவை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இறங்கி வந்தார். மாசி மாதம் பத்திரம் பதிவாயிற்று. விற்பவர்களாக ஐந்து பேருடைய பெயர்கள் அதில் இருந்தன; கடைசியாக இடப்பட்ட கையெழுத்து அத்தையுடையது.